பழைய காரைச் சிக்கனமாய்ப் பேணும் வகை

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் எவரும் நிபுணருக்கு ஆள் அனுப்புவதில்லை. தாமே முடிந்துகொண்டு நாடாவை ஓட்டுகிறார். கிணற்றுப் பம்பு தண்ணீர் ஏற்றாவிடில் உழவர் முதலில் அடிவால்வைத் தூக்கிப் பார்க்கிறார்; சருகு அடைத்திருந்தால் எடுத்தெறிகிறார், தோல் தேய்ந்திருந்தால் மாற்றுகிறார். தம் தொழிற் கருவியின் சிறு பழுதைத் தாமே தீர்ப்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. ஆயினும் வீட்டு வாசலிலோ சங்கக் கட்டிடத்தின் தாழ்வாரத்திலோ நிற்கும் பழைய கார் கிளம்ப மறுத்தால் மட்டும், அதன் மூடியைத் திறந்து பார்க்கவும் தயங்குகிறோம்.

இத்தயக்கத்தால் விளையும் நட்டம் சிறிதன்று. நகத்தால் கிள்ளியெறிய வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும்படி ஆகிறது. ஒரு பெல்ட்டை இறுக்காமையால் பேட்டரி பாழாகிறது. ஒரு ரப்பர்க் குழாயை மாற்றாமையால் என்ஜினே வெந்து போகிறது. இறுதியில், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய வண்டி பழைய இரும்பின் விலைக்குப் போய்விடுகிறது. எந்தப் பழுதை நாமே தீர்த்துக்கொள்ளலாம், எதை மெக்கானிக்கிடமே விடவேண்டும் என்று பகுத்தறிந்து கொண்டால் இந்நட்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதற்கு வேண்டிய குறிப்புகளை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வண்டிகளின் தனிச்சிறப்பு

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய கார்களுள் முதலிடம் பெறுவது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அமைப்பைத் தழுவி, வங்கத்தில் உத்தரபாரா என்னும் ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் இதனை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. 2014 மே மாதத்தில் அவ்வுற்பத்தி நின்றது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் பியட் காரைத் தழுவிச் செய்த பத்மினி மற்றொன்று. அந்நகரின் வாடகைக் கார்களாக அவை 2023 அக்டோபர் வரை ஓடின. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-இல் வெளிவந்தது. இம்மூன்றும் இன்று உற்பத்தியில் இல்லை. எனினும் அம்பாசடரும் பத்மினியும் இன்றும் பல ஊர்களில் பயன்பட்டு வருவதைக் காண்கிறோம்.

இவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் கனத்த தகடு மட்டுமன்று. பழைய பெட்ரோல் அம்பாசடரின் மூடியைத் திறந்தால் 1,489 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜினைச் சுற்றிலும் கை நுழைய இடம் இருக்கக் காணலாம். பிளக் இங்கே, டிஸ்டிரிபியூட்டர் அங்கே என ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பாலானவற்றைக் கழற்றலாம், துடைக்கலாம், தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றி மீண்டும் பூட்டலாம். இன்றைய கார்களில் இவ்வேலைகளிற் பலவற்றை மின்னணுப் பெட்டிகள் செய்கின்றன. அவற்றின் குறையை அறியத் தனிக்கருவி வேண்டும். பழைய வண்டி தன் குறையைச் சத்தத்தாலும், வாசனையாலும், புகையின் நிறத்தாலும் தானே தெரிவிக்கிறது. கேட்கும் செவியும் பார்க்கும் கண்ணும் நமக்கு இருந்தால் போதும்.

இங்கே கூறப்படுபவை முக்கியமாக அம்பாசடர் போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு உரியவை. டீசல் வண்டிக்குப் பிளக்கும் தீப்பொறியும் இல்லையாதலால் அப்பகுதி அதற்குப் பொருந்தாது. பேட்டரி, குளிர்ச்சி, எண்ணெய் பற்றியவை இரண்டுக்கும் பொது.

கருவிகளும் எச்சரிக்கையும்

தேவையான கருவிகள் மிகச் சில. ஸ்பானர் ஒரு செட்டு, சிறிதும் பெரிதுமாக இரண்டு திருப்புளிகள், குறடு, பிளக் கழற்றும் ஸ்பானர், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ், கம்பி பிரஷ், கிரீஸ் கன், மின்னழுத்தம் அளக்கும் சிறு மீட்டர், நல்ல ஜாக்கி ஆகியவை இருந்தால் கீழ்க்கண்ட வேலைகள் யாவற்றையும் செய்யலாம்.

ஸ்பானர் வாங்குவதில் ஒரு நுட்பம் உண்டு. அம்பாசடரின் பழைய என்ஜினில் உள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவின. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பானர்களே அவற்றிற்குப் பொருந்தும். கடையில் எளிதில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிப் பின்னர் எந்த ஸ்பானருக்கும் பிடிகொடா. பியட் வழிவந்த பத்மினிக்கோ மில்லிமீட்டர் ஸ்பானரே வேண்டும். பல வண்டிகளில் போல்ட் தலைகள் மழுங்கிக் கிடப்பதற்கு இதனை அறியாமையே காரணம்.

வேலை தொடங்குமுன் மனத்தில் இருத்த வேண்டியவை நான்கு. முதலாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அண்டை கொடுக்க வேண்டும். இரண்டாவது, ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் எக்காரணத்தாலும் படுக்கலாகாது. செங்கல்லும் நம்பத்தக்கதன்று, நொறுங்கிவிடும். உறுதியான இரும்புத் தாங்கிகளையே வைக்க வேண்டும். மூன்றாவது, பெட்ரோலும் பேட்டரி வாயுவும் நெருப்பைக் காத்திருப்பவை. பீடியும் தீப்பெட்டியும் தெருவிலேயே நிற்கட்டும். நான்காவது, மின்சாரப் பகுதியில் கை வைக்குமுன் பேட்டரியின் அடித்தட்டு இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அடித்தட்டோடு சேர்ந்த முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுவதே முறை. மாற்றிச் செய்தால் ஸ்பானர் தகட்டில் பட்டுப் பெரும்பொறி பறக்கும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே அடித்தட்டோடு சேர்க்கப்பட்டிருக்கும்; ஆதலால் எது என்பதைக் கண்ணால் பார்த்தே துணிய வேண்டும்.

கிளம்பாத வண்டி

பெட்ரோல் என்ஜின் கிளம்புவதற்கு, ஸ்டார்ட்டர் அதனைச் சுழற்ற வேண்டும். உரிய வேளையில் தீப்பொறி வேண்டும். காற்றோடு கலந்த பெட்ரோல் வேண்டும். இவ்வரிசையிலேயே ஆராய்ந்தால் குறை அகப்பட்டுவிடும். வரிசையின்றிக் கண்டதையெல்லாம் கழற்றுவோர் ஒரு குறையை மூன்றாக்கிக் கொள்வர்.

முதலில் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இயக்குக. விளக்கு மிக மங்கினால் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது முனைகளில் தொடர்பு சரியில்லை என்று கொள்ளலாம். விளக்கு மங்காமல் ஸ்டார்ட்டரும் அசையாதிருந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டரைச் சென்று சேரவில்லை. சுவிட்சையும் அதன் கம்பிகளையும் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் நன்கு சுழற்றியும் என்ஜின் பிடிக்காவிடில் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். நல்ல பிளக் ஒன்றைப் பிளக் வயரின் நுனியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜின்மீது படும்படி வைத்து, ரப்பர்ப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றொருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில் வெடிப்போசையுடன் பொறி விழுந்தால் மின்சாரப் பகுதி நலமே. மஞ்சளாக மெலிந்து விழுந்தாலோ விழவே இல்லையென்றாலோ குறை அங்கேதான். அருகில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இச்சோதனையைச் செய்யலாகாது.

பொறி நன்றாயிருந்தால், காயில் வயரைக் கழற்றிப் பொறி விழாமல் செய்த பின்னர், கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைத் தளர்த்தி ஒரு தகர டப்பாவில் பிடித்து, ஸ்டார்ட்டரைச் சிறிது இயக்கிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்சினால் பம்பு வேலை செய்கிறது. வராவிடில் வடிகட்டியிலோ, குழாயிலோ, பம்பிலோ அடைப்பு இருத்தல் வேண்டும்.

பேட்டரியின் மீது பழி

பழைய வண்டிகளில் பெரும்பழி சுமப்பது பேட்டரி. ஆய்வுக்காகச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், பதினான்கு மாதங்களுக்குள் இரண்டு பேட்டரிகள் வாங்கிய செலவுச் சீட்டுகளைக் கண்டேன். மூன்றாவது வாங்குவதற்கும் நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், சாயமிட்ட நூலை அங்கத்தினர் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கவும் பயன்பட்ட அம்பாசடர் அது. “பேட்டரியே இப்போது நன்றாக வருவதில்லை ஐயா” என்றார் அதன் டிரைவர். மூடியைத் திறந்து பார்த்தபோது, டைனமோவைச் சுழற்ற வேண்டிய பேன் பெல்ட் துவண்டு தொங்கிற்று. என்ஜின் ஓடும்போது டைனமோ சரிவரச் சுழலவில்லை. பேட்டரிக்கு மின்சாரம் திரும்பவில்லை. கொடுப்பது மட்டுமே உண்டு, பெறுவது இல்லையெனில் எந்தக் கணக்குத்தான் தேறும்? டைனமோவைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதனை வெளிப்புறமாக இழுத்துப் பிடித்து இறுக்கியவுடன் குறை தீர்ந்தது. செலவு எதுவுமில்லை, தீர்மானம் ரத்து செய்யப்பட்டது. பேட்டரி ஒன்றின் விலை, நெசவாளர் குடும்பம் ஒன்று பல நாட்கள் தறியில் உழைத்துப் பெறும் கூலியாகும். அங்கத்தினர்களின் பங்கு ஆதாயத்திலிருந்து அத்தொகை இருமுறை வெளியேறியிருந்தது.

பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் தளர்ச்சி. இறங்கவே மறுத்தால் டைனமோவின் பேரிங் கெடும். உட்புறம் வெடிப்புக் கண்டிருந்தால் புதியது போடுக. பழையதைத் தூக்கி எறியாமல் அவசரத்திற்கென்று டிக்கியில் வைத்திருக்கலாம்.

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தால், இணைப்புகளைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பிரஷினால் தேய்க்க வேண்டும். அந்நீர் பேட்டரியின் துளைகளுக்குள் புகலாகாது. பிறகு துடைத்து உலரவிட்டு, முனைகளை இறுகப் பூட்டி, மேலே சிறிது வாஸ்லைன் தடவினால் மீண்டும் பூக்காது. அடித்தட்டுக் கம்பி உடம்புத் தகட்டோடு சேரும் இடத்தையும் துருப் போகச் சுரண்டிப் பூட்ட வேண்டும். பலர் மறப்பது இதுவே. மூடி திறக்கும் பேட்டரியாயின் தட்டுகள் நனைந்து அதற்கு மேலும் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரம் நிற்குமாறு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கிணற்று நீர் ஊற்றுவது பேட்டரிக்கு நஞ்சிடுவதற்கு ஒப்பாகும். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி மீட்டரில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் சக்தி பெரும்பாலும் தீர்ந்ததென்று பொருள்.

பாயிண்டும் பிளக்கும்

டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரு சிறு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கக் காணலாம். இவற்றைப் பிளாட்டினம் என்று வழங்குகிறோமாயினும் அவை பெரும்பாலும் டங்ஸ்டன் என்னும் உலோகமே. என்ஜின் சுழலும்போது இவை திறந்து மூடுவதாலேயே காயிலில் உயர் மின்னழுத்தம் உண்டாகிறது. நாளடைவில் ஒரு முனையில் குழியும் மற்றதில் மேடும் விழும். மெல்லிய அரத்தாலோ நயமான உப்புத்தாளாலோ இலேசாகத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பின்னர் முனைகள் மிகுதியாக விலகி நிற்கும் நிலைவரை என்ஜினைக் கையால் சுழற்றி, பீலர் கேஜினால் இடைவெளியை அளக்க வேண்டும். பழைய அம்பாசடருக்கு இது பொதுவாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மி.மீ. திருகைத் தளர்த்திச் சரிசெய்து மீண்டும் இறுக்கிய பின், மறுபடியும் அளந்து பார்த்தல் நலம். புதிய பாயிண்டு போட்டும் விரைவிலேயே அது கருகுமாயின் அருகிலுள்ள கண்டன்சரை ஐயுற வேண்டும்.

மழைக்காலக் காலை வேளைகளில் வண்டி கிளம்பாமைக்கு மிகச் சாதாரணமான காரணம், டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறம் படிந்த ஈரமே. உலர்ந்த துணியால் மூடியையும் பிளக் வயர்களையும் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். துடைக்கும்போது மூடியில் மயிரிழை போன்ற கீறலோ கரிக்கோடோ தென்பட்டால் மூடியை மாற்றிவிட வேண்டும்.

பிளக்கோ, என்ஜினின் நாடி போன்றது. அதன் நுனி இளம்பழுப்பு நிறமாயிருந்தால் என்ஜின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் செல்கிறது. ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். கருமையோடு எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருந்தால் எண்ணெய் மேலேறி எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வெளுத்திருந்தால் சூடு அதிகம், அல்லது பெட்ரோல் போதவில்லை. கம்பி பிரஷினால் சுத்தம் செய்து, இடைவெளியை ஆயிரத்தில் 25 அங்குலத்திற்கு, அதாவது ஏறக்குறைய 0.64 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். முதலில் விரலாலேயே திருகி நூல் பிடித்த பின்னரே ஸ்பானர் போடுக. வயர்களைக் கழற்றுமுன் 1, 2, 3, 4 என்று சீட்டுக் கட்டி வைத்தல் அறிவுடைமை. இவ்வென்ஜினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. வயர் மாறினால் என்ஜின் சீறும், ஓடாது.

பெட்ரோலும் காற்றும்

தறிக்கூடத்துப் பஞ்சுத்தூளும் களத்துமேட்டுப் பதரும் பறக்கும் ஊர்களில் ஏர் கிளீனர் வெகு விரைவில் அடைபடும். தாள் வடிகட்டியாயின் தட்டிச் சுத்தம் செய்து, மிகவும் கறுத்தால் மாற்ற வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகையாயின் கசடெண்ணெயைக் கொட்டி, கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி, குறியிட்ட மட்டம்வரை புது எண்ணெய் விட வேண்டும்.

கோடையில் நெடுந்தூரம் ஓடிய வண்டி சிறிது நின்றபின் கிளம்பாமல் சண்டித்தனம் செய்வதுண்டு. என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியடைப்பதே இதன் காரணம். பம்பின் மேல் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் பொறுத்தால் ஆவி மீண்டும் நீர்மமாகும். இது நம் டிரைவர்கள் நெடுநாளாகக் கையாண்டு வரும் முறை, அறிவியலுக்கும் ஒத்ததே.

இக்காலத்து விற்பனைப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இதற்கென்று செய்யப்பட்டவையல்ல. அவை ஊறி உப்பலாம், வெடிக்கலாம். எத்தனால் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். ஆகவே பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையினவாக மாற்றிவிடுவதும், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதிருப்பதும் நன்று. குழாயின் விலை அற்பம். சூடான என்ஜின்மீது பெட்ரோல் கசிந்தால் நேரும் தீங்கோ அளவற்றது.

சூடேறும் என்ஜின்

நம் நாட்டு வெயிலில் பழைய கார்களைப் பெரிதும் அழிப்பது சூடே. ஆதலின் இப்பகுதியைக் கூர்ந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

வழியில் ஊசி சிவப்பைத் தொட்டால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஓடலாகாது. மூடி தரும் அழுத்தத்தால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணமே கொதித்துச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமேனும் ஆறவிட்டு, தடித்த துணியைப் போர்த்தி மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் என்ஜினில் தண்ணீரைக் கொட்டுவதும் தவறு, வார்ப்பிரும்பு வெடித்துவிடக்கூடும். ஆறிய பின் என்ஜினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுவதே தக்கது.

வீடு வந்து சேர்ந்ததும் காரணம் தேடுக. முதலில் பேன் பெல்ட். அடுத்து ரேடியேட்டரின் வெளிமுகம்: அதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே பஞ்சும், வைக்கோல் துணுக்கும், பூச்சிகளும் அடைந்து காற்றை மறித்திருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி மெல்லிய தாரையாக நீர் பாய்ச்சினால் வந்த வழியே அவை வெளியேறும். வேகமாகப் பாய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

அதன்பின் ரப்பர்க் குழாய்களை அழுத்திப் பார்க்க வேண்டும். கொழகொழத்தோ, உப்பியோ, வெடிப்புக் கண்டோ இருந்தால் மாற்றுக. கீழ்க்குழாயைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நிற்கும்போது நலமாகத் தோன்றி, ஓடும்போது பம்பின் இழுப்பால் உள்ளொடுங்கி நீரை மறிப்பதுண்டு.

தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவைச் சோதிப்பதும் எளிது. அதைக் கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுக. குளிர்ந்த நீரில் மூடியிருந்து, அதன்மேல் பொறித்துள்ள சூட்டை நெருங்கும்போது திறந்தால் அது நல்லது. கொதிக்கும்வரை திறவாவிடில் அதுவே குற்றவாளி. வெப்ப நாட்டில் இது வேண்டாவென்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு. அது சரியன்று. என்ஜின் உரிய சூட்டை அடையாமல் ஓடினால் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து சிலிண்டர்ச் சுவர்கள் தேயும்.

ரேடியேட்டரில் ஊற்றும் நீரும் கவனத்திற்குரியது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர், வெந்நீர்ப் பானையில் படியும் வெண்சுண்ணத்தைப் போலவே ரேடியேட்டரினுள்ளும் படிந்து வழிகளை அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரோடு கூலண்ட் கலந்து ஊற்றுவதே உத்தமம். அவசரத்திற்குத் தூய மழைநீர் ஆகும்.

சிறு கசிவுக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதும், பெட்ரோல் டாங்கில் ஊசித்துளை கண்டால் குளிக்கும் சோப்பைத் தேய்த்து அடைப்பதும் வழிநெடுகக் காணும் கைவைத்தியங்கள். ஊர் வந்து சேருமளவும் இவை உதவும். நிலைத்த மருத்துவம் ஆகா. மஞ்சள்தூளை அடிக்கடி போட்டால் கசிவோடு நல்ல வழிகளும் அடைபடும்.

எண்ணெயும் கிரீசும்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓய்ந்து சில நிமிடம் கழித்து அளவுக்கோலை எடுத்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. வாரம் ஒருமுறை இதனைச் செய்க. எண்ணெய் பாலும் காபியும் கலந்தாற்போலத் தோன்றினால் நீர் கலந்துள்ளது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். எண்ணெய் மாற்றுவதை 5,000 கி.மீட்டருக்கு ஒருமுறையேனும் செய்தல் நலம். வடித்த கழிவெண்ணெயை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டுதல் பெருந்தவறு. மண்ணும் நீரும் கெடும். டின்னில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பழைய வண்டிகளின் முன்சக்கர மூட்டுகளிலும் ஸ்டீரிங் இணைப்புகளிலும் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. அவற்றை முதலில் துணியால் துடைத்து, பின் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கருங்கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை அழுத்த வேண்டும். துடையாமல் அழுத்தினால் மண்ணையும் சேர்த்து மூட்டுக்குள் ஊட்டியதாகும்.

துருவைத் தடுத்தல்

அம்பாசடருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; உடம்புத் தகடே சட்டமாக நின்று சுமையைத் தாங்குகிறது. ஆதலால் துரு என்பது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. வண்டியின் உயிரைப் பற்றியது. கதவுகளின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. மண் அடைத்தால் நீர் உள்ளே தங்கிக் கதவு அடியிலிருந்து அரிக்கும். ஒரு குச்சியால் குத்தி அவற்றைத் திறந்துவிடுவதே மிக மலிவான பராமரிப்பு. தரைவிரிப்பை மழைக்காலம் முடிந்ததும் தூக்கி வெயிலில் உலர்த்த வேண்டும். மேலோடிய துருவை உலோகம் மின்னும்வரை சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு பூசி, மேலே வர்ணம் அடிக்கலாம். திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்குமளவு அரித்த இடத்தைப் புட்டி வைத்து மறைப்பது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். அங்கே நல்ல தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

கை வைக்கலாகாதவை

பிரேக், ஸ்டீரிங், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பிரித்துப் பூட்டும் வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது. நாம் செய்யத்தக்கது பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்ப்பதும், சக்கரத்தின் உட்புறம் கசிவு உண்டா எனக் கவனிப்பதுமே. மிதி பஞ்சுபோல் இறங்கினால் வண்டியை எடுக்கலாகாது. பிரேக் டப்பியில் என்ஜின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டாலும் உள்ளிருக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் உப்பிக் கெடும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூளை வாயால் ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. பஞ்சுத்தூளின் தீங்கை அறிந்த நெசவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெட்ரோல் டாங்கை வீட்டில் பற்றவைக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. காலி டாங்கிலும் ஆவி நிறைந்திருக்கும். எரிந்துபோன பியூசுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ வைப்பது, களவைக் காட்டிக்கொடுத்த காவல்நாயைக் கொன்றுவிடுவதை ஒக்கும். பியூஸ் எரிந்ததேன் என்று காண்பதே கடமை.

பேணுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. சுமைதாங்கும் தகடுகள் பரவலாக அரித்துவிட்டால், அல்லது புகைச் சோதனையிலும் தகுதிச் சோதனையிலும் தேற வழியில்லாது போனால், அவ்வண்டிக்கு விடைகொடுப்பதே முறை. சொந்தக் காரின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய வண்டியில் இக்காலத்துப் பாதுகாப்பு அமைப்புகள் இல்லாமையால் நிதானமான வேகமே அதற்கு அழகு.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தனி ஒருவர் அங்குல ஸ்பானர் செட்டும், பீலர் கேஜும், கிரீஸ் கன்னும், இரும்புத் தாங்கிகளும் வாங்குவது வீண் செலவாகத் தோன்றலாம். பழைய வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் பத்துப் பேர் பங்கிட்டுக் கொண்டால் அதுவே மிகச் சிறு தொகையாகும். விதை, உரம், நூல், சாயம் ஆகியவற்றைச் சேர்ந்து வாங்கும் நாம், பெல்ட்டையும் பிளக்கையும் எண்ணெயையும் ஏன் சேர்ந்து வாங்கலாகாது? சங்கத்தில் பொதுக் கருவிப்பெட்டி ஒன்று வைத்து, எடுப்பவர் பெயரும் தேதியும் எழுத ஒரு பதிவேடு திறந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுபவமுள்ள உள்ளூர் மெக்கானிக் ஒருவரைச் சன்மானம் கொடுத்து அழைத்து இளைஞர்களுக்குக் கற்பிக்கச் செய்யலாம். அவருடைய தொழில் இதனால் குன்றாது. தேர்ந்த கை தேவைப்படும் பெரிய வேலைகள் அவரிடமே வரும்.

சங்க வண்டிக்கோ சொந்த வண்டிக்கோ ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தவறாது இருத்தல் வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, ஆன செலவு ஆகிய நான்கு பத்திகள் போதும். ஒரே உறுப்பின் பெயர் ஓராண்டில் இருமுறை அதில் இடம்பெற்றால், அவ்வுறுப்பைக் குறைகூறாமல் அதனைக் கெடுக்கும் வேறொன்றைத் தேட வேண்டும். மேலே கண்ட சங்கத்தில் அத்தகைய ஏடு ஒன்று இருந்திருந்தால் இரண்டாம் பேட்டரியின் விலையேனும் மிஞ்சியிருக்கும்.

அங்கத்தினர்கள் வரும் ஞாயிறன்று மூடியைத் திறந்து, பெல்ட்டை அழுத்திப் பார்த்து, பேட்டரி முனைகளைத் துடைத்து, எண்ணெய் அளவைக் கண்டு, அதனை நோட்டில் முதல் வரியாக எழுதுவார்களாக. அரைமணி நேரத்திற்கு மேல் ஆகாது. அவ்வரைமணி நேரமே நாளைய பெருஞ்செலவைத் தடுத்து நிறுத்தும் சேமிப்பாகும்.